ரேஸ் காரை ரோட்டுல ஓட்டலாமா? போர்ஷே 917 முதல் கோப்ரா ரெப்ளிகா வரை... ஒரு ரவுண்ட்!

1975-ம் வருஷம். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்தில் இருக்கும் போர்ஷே தொழிற்சாலையிலிருந்து ஒரு வெள்ளி நிற கார் வெளியே வருகிறது. உயரம், பக்கத்தில் நிற்கும் ஆளின் இடுப்புக்கு வந்தாலே அதிகம். பின்னால் 12 சிலிண்டர் இன்ஜின். சத்தம், கேட்கவே வேண்டாம். 1970, 1971-ம் ஆண்டுகளில் 'லெ மான்ஸ் 24 மணி நேர' ரேஸை ஜெயித்த போர்ஷே 917 வகை கார் அது. ஆனால், அது போனது ரேஸ் டிராக்குக்கு இல்லை. கவுன்ட் ரொஸி என்கிற இத்தாலியக் கோடீஸ்வரர் அதில் ஏறி உட்கார்ந்து, சாதாரண ஹைவேயில், லாரிகளுக்கும் குடும்ப கார்களுக்கும் நடுவே பாரிஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். 600 கிலோமீட்டருக்கும் மேல்!

அந்த காரில் நம்பர் பிளேட்டும் இருந்தது. அதுதான் செம காமெடி. ஐரோப்பாவில் பதிவு கிடைக்காததால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பதிவு வாங்கியிருந்தார்கள்.

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணும்போது நீங்களும் இப்படி ஒரு காட்சியைப் பார்த்திருப்பீங்க. லண்டன் சிக்னல்ல ஒரு பழைய ஜாகுவார் ரேஸ் கார் நிற்கும். கலிஃபோர்னியா கடற்கரைச் சாலையில் ஒரு கோப்ரா உறுமிக்கிட்டுப் போகும். 'இதெல்லாம் ரேஸ் காராச்சே, எப்படி ரோட்டுல விட்டாங்க? அது நிஜ காரா, டூப்ளிகேட்டா? நம்ம ஊர்ல முடியுமா?' இந்த மூணு கேள்விக்கும் பதில் பார்க்கலாம் வாங்க.

ரோடுதான் முதல் ரேஸ் டிராக்!

முதல்ல ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். இன்னிக்கு ரேஸ் கார் வேற, ரோடு கார் வேற. 1950-கள் வரைக்கும் அப்படி இல்லை. பெரிய ரேஸ்கள் பலதும் பொதுச் சாலையில்தான் நடந்தன.

பெரிய உதாரணம், இத்தாலியின் 'மில்லே மிலியா'. இத்தாலிய மொழியில் ஆயிரம் மைல் என்று அர்த்தம். பிரெஷியா நகரத்தில் கிளம்பி, ரோம் போய், திரும்பவும் பிரெஷியாவுக்கே வரணும். சுமார் 1,600 கிலோமீட்டர். ஊர், சந்தை, மலைப்பாதை என எல்லாவற்றையும் தாண்டிப் போகும் ரேஸ் இது. 1927-ல் தொடங்கியது.

1955-ல் பிரிட்டன் வீரர் ஸ்டிர்லிங் மோஸ் இதை 10 மணி நேரம் 7 நிமிஷத்தில் முடித்தார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 157 கிலோமீட்டர். கூகுள் மேப் இல்லாத காலம் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன், ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே குறித்துவைத்திருந்த நீளமான காகிதச் சுருளைப் பார்த்து, கையாலேயே சிக்னல் காட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் ஓட்டிய மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர் காரின் நம்பர் 722. காலை 7:22-க்குக் கிளம்பியதால் அந்த நம்பர்!

ரேஸே ரோட்டில் நடந்ததால், அந்தக் கால ஸ்போர்ட்ஸ் ரேஸ் கார்களுக்கு ஹெட்லைட், மட்கார்டு, இரண்டாவது சீட் எல்லாம் இருந்தன. அதனால்தான் அந்தத் தலைமுறை கார்களை ரோட்டுக்குக் கொண்டுவருவது ஓரளவு சுலபம். ஃபார்முலா 1 மாதிரி வெறும் சக்கரமும் ஒற்றை சீட்டுமாக இருக்கும் கார்களுக்கு இது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

மிச்சம் மீதியில் பிறந்த சூப்பர் கார்

கம்பெனிகளே சில ரேஸ் கார்களை ரோடு கார்களாக மாற்றி விற்றிருக்கின்றன. சொன்னால் சிரிப்பீங்க, பல நேரங்களில் காரணம்... விற்காமல் தேங்கிய சரக்கு!

ஜாகுவாரின் 'டி-டைப்' 1955, 56, 57 என மூன்று வருஷம் லெ மான்ஸை வென்ற கார். தயாரித்ததில் கொஞ்சம் விற்காமல் நின்றுவிட்டன. 'சும்மா கிடக்கிறதை ரோடு காராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பலாமே' என்று கம்பெனி யோசித்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார்கள். பக்கத்து சீட்டுக்கு ஒரு கதவு வைத்தார்கள். டிரைவர் தலைக்குப் பின்னால் துடுப்பு மாதிரி நின்ற பாகத்தை நீக்கினார்கள். முழு அகலக் கண்ணாடி, மழைக்கு ஒரு துணிக் கூரை, பின்னால் பெட்டி கட்ட ஒரு கம்பித் தட்டு. அவ்வளவுதான், 'எக்ஸ்.கே.எஸ்.எஸ்' ரெடி!

25 கார்கள் செய்வதாகத் திட்டம். ஆனால், 1957 பிப்ரவரி 12-ம் தேதி இரவு தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பது கார்கள் போய்விட்டன. மிஞ்சியது 16. அதில் ஒன்றை வாங்கியவர் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன்.

ஃபோர்டும் இதைச் செய்தது. 1966 முதல் 1969 வரை நான்கு வருஷம் தொடர்ந்து லெ மான்ஸை வென்ற 'ஜி.டி 40' காரின் உயரம் வெறும் 40 அங்குலம். அதனால்தான் அந்தப் பெயர். அதை ரோட்டுக்காக மாற்றி 'மார்க் 3' என்று கொண்டுவந்தார்கள். ஹெட்லைட்டை மாற்றினார்கள், பெட்டி வைக்க இடம் கொடுக்க வாலை நீட்டினார்கள். மொத்தம் ஏழு கார்தான் தயாரானது.

மெர்சிடிஸ் கதை இன்னும் கெத்து. 300 எஸ்.எல்.ஆர் காரை வடிவமைத்த இன்ஜினீயர் ரூடால்ஃப் ஊலன்ஹவுட், அதன் கூரை வைத்த வடிவத்தை ஆபீஸுக்குப் போய்வர கம்பெனி காராகவே பயன்படுத்தினார். ரோட்டில் சத்தம் தாங்காது என்பதால் பக்கவாட்டில் பெட்டி சைஸுக்கு ஒரு சைலன்ஸர் மாட்டியிருந்தார்! மொத்தமே இரண்டு கார்தான் செய்யப்பட்டது. அதில் ஒன்று 2022-ல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.

டிராக்கில் புலி, டிராஃபிக்கில்?

சரி, அப்படி ஒரு காரின் சாவியை உங்க கையில் கொடுத்துட்டாங்கன்னு வைங்க. சிக்னலில் நின்றால் என்ன ஆகும்?

* இன்ஜின் சூடு: வேகமாகப் போகும்போது முன்னால் மோதும் காற்றுதான் ரேடியேட்டரைக் குளிர வைக்கும் என்ற கணக்கில் செய்த கார்கள் இவை. பலவற்றில் ஃபேன் கிடையாது. பத்து நிமிஷம் டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகும்.

* ஸ்பார்க் பிளக்: ரேஸ் இன்ஜினில் போடும் பிளக், முழு வேகத்தின் சூட்டைத் தாங்கும் வகை. மெதுவாக ஓட்டினால் அதன்மேல் படியும் கரி எரியாமல் சேர்ந்து, இன்ஜின் இருமத் தொடங்கும். அப்புறம் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

* கிளட்ச்: நம்ம காரில் கிளட்சைப் பாதி விட்டு மெதுவாக ஊர்ந்து போவோமில்லையா? ரேஸ் கிளட்சில் அந்தப் 'பாதி' கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிடித்தால் குதிக்கும், இல்லையென்றால் ஆஃப் ஆகும். மிதிப்பதற்குள் கால் வலித்துவிடும்.

* பிரேக்: இதுதான் முக்கியம். ரேஸ் பிரேக் பேடு சூடாக இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போடுவதால் அது எப்போதும் சூடாகவே இருக்கும். ரோட்டில் அரை மணி நேரம் பிரேக்கே தொடாமல் போய், திடீரென்று ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால்? குளிர்ந்து கிடக்கும் பேடு, நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் காரை நிறுத்தாது.

* டயர்: ரேஸ் டயரும் அதே ஜாதி. சூடு ஏறணும். மழை பெய்தால் பட்டன் இல்லாத டயர் தண்ணீர்மேல் வழுக்கும்.

* யார் கண்ணிலும் படாத உயரம்: நீங்கள் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பீர்கள். லாரி டிரைவர் பார்வையில் அந்த இடம் காலி. அவர் லேன் மாறும்போது பக்கத்தில் நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இது போக, திரும்பும் வட்டம் பெரிது, யு-டர்ன் ஒரே தடவையில் வராது. ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு தட்டும். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அரிக்கும். அதனால் ரோட்டில் ஓட்டும் ஓனர்கள் முதலில் செய்வது இந்த வேலைகளைத்தான்: எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது, பிளக்கையும் பிரேக் பேடையும் ரோடு வகைக்கு மாற்றுவது, ஹோஸ்களைப் புதிதாகப் போடுவது, பட்டன் உள்ள டயர் மாட்டுவது. வெளியே தெரியாத இந்த மாற்றங்கள்தான் உயிரைக் காப்பாற்றும்.

ரெப்ளிகா என்றால் டூப்ளிகேட்டா?

இனி ரெப்ளிகா பக்கம் வருவோம். ஒரிஜினல் ஃபெராரி 250 ஜி.டி.ஓ மொத்தமே 36 தான். 2023-ல் நியூயார்க் ஏலத்தில் ஒன்று 5.17 கோடி டாலருக்குப் போனது. அதை எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போக மனசு வருமா? ஒரு கீறல் விழுந்தால்கூட தூக்கம் போச்சு. அதனால்தான் 'பார்க்க அதே மாதிரி இருக்கணும், ஓட்டப் பயமா இருக்கக் கூடாது' என்பவர்களுக்காக ரெப்ளிகாக்கள் வந்தன. இதில் மூன்று ரகம் உண்டு.

ஒன்று, சாதா ரெப்ளிகா. வெளித்தோற்றம் மட்டும் பழசு. உள்ளே ஃபைபர் கிளாஸ் பாடி, புது இன்ஜின், புது பிரேக். உலகத்திலேயே அதிகம் காப்பி அடிக்கப்பட்ட கார்களில் ஒன்று கோப்ரா. 1962-ல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, 'ஏ.சி' என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் குட்டி காரில் ஃபோர்டின் பெரிய வி-8 இன்ஜினைப் பொருத்தியதில் பிறந்தது. ஒரிஜினல் ஆயிரம்கூட இல்லை. ரோட்டில் நீங்கள் பார்க்கும் கோப்ராக்களில் பெரும்பாலானவை ரெப்ளிகாதான். அவை காப்பி அடிப்பது பெரும்பாலும் '427 எஸ்/சி' மாடலை. அதுவும் விற்காமல் நின்ற ரேஸ் கார்களை ரோட்டுக்கென்று விற்றதில் வந்ததுதான்! கதவுக்குக் கீழே ஓடும் அதன் சைலன்ஸர் பைப், இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுவிடும். 'கோப்ரா கடி' என்று அதற்குப் பெயரே உண்டு.

இரண்டு, 'கன்டினியூவேஷன்'. பழைய கம்பெனியே பழைய வரைபடத்தை வைத்துப் புதிதாகச் செய்வது. தீயில் போன அந்த ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ் கார்களையும் திரும்பச் செய்யப்போவதாக ஜாகுவார் 2016-ல் அறிவித்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஆணி முதற்கொண்டு அதே மாதிரி செய்வதால், இன்றைய புகை, பாதுகாப்பு விதிகளில் அது பாஸாகாது. ஒரிஜினலுக்கு வயசு என்ற சலுகை உண்டு. புதுசுக்கு அது கிடையாது. அதனால் கன்டினியூவேஷன் கார்கள் பெரும்பாலும் டிராக்கோடு சரி. பல கோடி ரூபாய் காரைவிட, அக்கம்பக்கத்துக்காரர் ஷெட்டில் செய்த ஃபைபர் கோப்ராதான் ரோட்டில் உரிமையோடு ஓடும்!

மூன்று, பழைய உதிரி பாகங்களை வைத்து மறுபடி கட்டுவது. சேஸிஸ் ஒரு காரிலிருந்து, இன்ஜின் இன்னொன்றிலிருந்து என்று சேர்த்துச் செய்யும்போது, 'எது ஒரிஜினல்?' என்ற சண்டை கோர்ட் வரை போகும்.

ரெப்ளிகா வைத்திருப்பது தப்பில்லை. ரெப்ளிகாவை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. வடிவத்துக்கும் உரிமை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 250 ஜி.டி.ஓ-வின் வடிவமே ஒரு கலைப்படைப்பு என்று 2019-ல் இத்தாலியின் பொலோனா நீதிமன்றம் சொன்னது. காப்பி எடுக்க நினைத்த கம்பெனிக்குத் தடை விழுந்தது.

எந்த நாட்டில் என்ன விதி?

பிரிட்டன்: வீட்டிலேயே கார் கட்டும் ஆட்களின் சொர்க்கம். நீங்களே கட்டிய காரை 'ஐ.வி.ஏ' என்ற சோதனைக்குக் கொண்டுபோகணும். பிரேக், லைட், சீட் பெல்ட், புகை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நடந்து போகிறவர்மேல் பட்டால் கிழிக்கிற மாதிரி கூரான விளிம்பு எதுவும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. சைலன்ஸர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. பாஸானால் நம்பர் பிளேட். 40 வயசு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத ஒரிஜினல் கார்களுக்கு வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், காரைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு ஓனருடையது. சீட் பெல்ட் இல்லாமலேயே தயாரான பழைய காரில் பெல்ட் கட்டாயமில்லை. ஆனால், அந்தக் காரில் மூன்று வயசுக்குள்ள குழந்தையை ஏற்றக் கூடாது.

அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ரெப்ளிகா செய்யும் சிறிய கம்பெனிகளுக்காக 2015-ல் தனிச் சட்டமே வந்தது. குறைந்தது 25 வருஷத்துக்கு முந்தைய கார் போன்ற வடிவத்தில், ஒரு கம்பெனி வருஷத்துக்கு 325 கார்கள் வரை விற்கலாம். கலிஃபோர்னியாவில் வீட்டில் கட்டிய கார்களுக்குப் புகை விதியில் சலுகையுடன் வருஷத்துக்கு 500 பதிவுதான். முந்துபவருக்கே இடம்!

இந்தியா: இங்கதான் கவனம் வேணும், மக்களே. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பழைய காரின் சேஸிஸில் கோப்ரா பாடியைப் பொருத்தி ஓட்டினால் பறிமுதல் வரை போகும். பிரிட்டன் மாதிரி தனி ஆளுக்கான எளிய சோதனை முறை இங்கே இல்லை.

ஒரிஜினல் பழைய காருக்கு வழி உண்டு. 2021 விதிப்படி, 50 வயசு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார், பைக்குகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால், தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட... இவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. பொதுச் சாலையில் ரேஸ் விடுவது 189-வது பிரிவுப்படி குற்றம். வண்டிக்கு என்ன வயசாக இருந்தாலும்!

ஒரு விடியற்காலையும் ஒரு மதியமும்

இவ்வளவு விதி எதுக்கு என்று தோணுதா? இரண்டு சம்பவம் சொல்றேன்.

1964 ஜூன். லெ மான்ஸுக்குத் தயாரான கோப்ரா கூப்பே ரேஸ் காரைச் சோதித்துப் பார்க்க ஏ.சி கம்பெனிக்கு நீளமான நேர் ரோடு தேவைப்பட்டது. விடியற்காலையில் லண்டனுக்கு வடக்கே போகும் எம்-1 நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனார்கள். ஜாக் சியர்ஸ் என்ற வீரர் மணிக்கு 185 மைல், அதாவது கிட்டத்தட்ட 298 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சட்டப்படி தப்பே இல்லை. ஏனென்றால், அப்போது பிரிட்டன் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பே கிடையாது! விஷயம் பத்திரிகைகளில் வந்து பெரிய கூச்சலானது. 1965 டிசம்பரில் 70 மைல் வரம்பு வந்துவிட்டது. இந்த ஓட்டம்தான் காரணம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். உண்மையில் அந்த வருஷம் பனிமூட்டத்தில் நடந்த தொடர் விபத்துகள்தான் அரசை உடனே நகர வைத்தன.

இரண்டாவது, 1957 மே 12. அதே மில்லே மிலியா. ரேஸ் முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான். குய்திட்ஸொலோ என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு நேர் ரோட்டில், அல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. கார் பாதை விலகிச் சாலையோரம் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும் உடன் வந்தவரும் மட்டும் இறக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மிலியா ரேஸ் அதோடு நிறுத்தப்பட்டது.

டிராக்கில் இறங்குபவர்கள் ஹெல்மெட் போட்டு, ரிஸ்க் தெரிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். சாலையோரம் நின்ற அந்தக் குழந்தைகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உங்க ஏரியா ரோட்டில் பால் வாங்கப் போகிறவரும் போடவில்லை.

அப்போ மியூசியத்தில் பூட்டிடலாமா?

தேவையில்லை. 1977 முதல் மில்லே மிலியா மறுபடி நடக்கிறது, வேறு மாதிரியாக. அந்தக் கால ரேஸில் ஓடிய மாடல்களுக்கு மட்டும்தான் அனுமதி. வேகமாக வருபவருக்குப் பரிசு கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில், நொடி பிசகாமல் முடிப்பவர்தான் வெற்றியாளர். சாலையில் மற்ற வண்டிகளும் போகும், டிராஃபிக் விதியும் பொருந்தும். பள்ளிக் குழந்தைகள் கொடி அசைக்க, ஊர் மக்கள் கைதட்ட, 70 வயசு ஃபெராரி நிதானமாகச் சிக்னலில் நின்று போகும். அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்கும் சந்தோஷத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

உங்களுக்கும் வேக ஆசை இருக்கா? தப்பே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லேயே ரேஸ் டிராக் வந்துவிட்டது. வேகத்துக்கு அங்கே போங்க. பழைய கார் ஆசைக்கு வின்டேஜ் ராலி நடக்கும் நாளில் போய் நின்னு, ஓனர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. பிளக் எத்தனை தடவை மாத்தினார், எந்த சிக்னல்ல வண்டி நின்னுது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

அடுத்த தடவை ரீல்ஸில் ஒரு ரேஸ் கார் ரோட்டில் சீறிப் போவதைப் பார்த்தால், ஹார்ட் போடும் முன்னாடி ஒரே ஒரு தடவை காரைத் தவிர மற்றதையும் பாருங்க. ஓரத்தில் யார் நிற்கிறாங்க?